'சேராது' என்று சொன்னால் போதாது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முற்றத்து வேப்பமரத்தடியில் ஒடியல் கூழ் கொதிக்கிறது. நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானைக்குள். பிள்ளைகள் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக்கொண்டு சுற்றிவர இருக்கிறார்கள். அதில் ஏழு வயதுப் பெடியன் ஒருவனுக்கு மட்டும் நண்டும் இறாலும் சேராது. அம்மம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவனுடைய முறை வந்தபோது அகப்பையை மெதுவாகத் தாழ்த்தி, துண்டு ஒன்றும் விழாமல், மேலாக நின்ற கூழை மட்டும் அள்ளி ஊற்றினார்.

பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கிவிட்டது. பிறகு உடம்பு முழுக்கத் தடிப்பு, இரண்டு தரம் சத்தி, அதன் பின்னால் மூச்சு இழுப்பு. அலர்ஜிக் குளிசை ஒன்றைக் கரைத்துக் கொடுத்து ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டான். அம்மம்மாதான் தெளியவில்லை. வார்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நண்டு குடுக்கேல்லையே டொக்டர், தண்ணியைத்தானே குடுத்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடையாளம் தெரியாமலிருக்க இந்தக் கதையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூழை மாற்றவில்லை.

அவர் மீது பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்டிலும் இறாலிலும் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியமான புரதத்துக்கு டிரோபோமயோசின் என்று பெயர். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது குலையாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் இறங்கும். ஆக, நண்டு போட்ட பானையில் நண்டு இல்லாத பக்கம் என்று ஒன்று கிடையாது. கணவாய், மட்டி போன்றவற்றிலும் இதைப் போன்ற புரதம் இருப்பதால் சிலருக்கு அவையும் ஒத்துவராது. இதை அந்த அம்மம்மாவுக்கு யாரும் முன்பு சொல்லவில்லை. தாய்க்குக் கிளினிக்கில் சொன்னோம். தாய் வீட்டுக்குப் போய், "அம்மா, இவனுக்கு நண்டு சேராது" என்றார். அவ்வளவுதான் போய்ச் சேர்ந்தது.

'சேராது' என்ற சொல்லை நான் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். நம் ஊரில் அது எதற்கும் பொருந்தும். கத்தரிக்காய் தின்றால் கடிக்கும், சேராது. இரவில் தயிர் சேராது. பிள்ளை பெற்ற வீட்டில் தக்காளி கிரந்தி, சேராது. வயிறு பொருமினாலும் அதே சொல், மூச்சு அடைத்தாலும் அதே சொல். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் கேட்பவர்கள் பேரம் பேசத்தான் செய்வார்கள். "ஒரு வாய் குடிச்சா ஒண்டும் ஆகாது பிள்ளை." "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தாத்தான் உடம்பு பழகும்." மாமி சொல்வார், பக்கத்து வீட்டு அன்ரி சொல்வார், முன்பள்ளி ஆயாவும் சொல்வார். எல்லாரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். (கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே சில உணவுகளுக்கு உண்டு. அது நிபுணர்களின் மேற்பார்வையில் மில்லிகிராம் கணக்கில் நடப்பது. குசினியில் செய்து பார்க்கும் விஷயமில்லை.)

அதனால் இப்போது தாய்மாருக்கு வேறு வசனம் சொல்லிக்கொடுக்கிறேன்: "இதில் ஒரு துளி பட்டாலும் இவனுக்கு மூச்சு அடைக்கும். போன முறை ஊசி போட்டுத்தான் காப்பாற்றினார்கள்." கேட்க முரடாக இருக்கும். பரவாயில்லை.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வாமை என்று சொல்லி வருகிற எல்லாமே ஒவ்வாமை இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பேர் சூரை மீன் கறி சாப்பிட்டு ஐந்து பேருக்கும் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கிறது என்றால், அது அநேகமாக மீனின் பிழை. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறிவிடும். சமைத்தாலும் அது போகாது. சூரை, கும்பளா போன்ற மீன்களில் இது வரும். அறிகுறிகள் அலர்ஜி மாதிரியே இருக்கும். அதற்காகப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மீனை மறிக்கத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வரும். இருபது உணவுகளின் பெயர், பத்துக்கு நேரே 'பொசிட்டிவ்'. எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள ஒரு குழந்தைக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பால், முட்டை, மீன், கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். குழந்தை வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு ஆறு மாதமாகப் படுத்தே கிடந்தது. பரிசோதனை பொசிட்டிவ் என்றால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். சாப்பிட்டால் உண்மையில் என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்ற கதைதான் முக்கியம். அசல் உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முகத்தைக் காட்டிவிடும். ஒரு கொப்பியில் சாப்பிட்டது, நேரம், நடந்தது மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளைவிட அது எனக்கு உதவும்.

பால் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில சிக்கல்கள். மாட்டுப்பால் ஒத்துவராத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லி ஒரு பெரியவராவது வருவார். ஆட்டுப்பால் நல்லதுதான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு இல்லை. இரண்டிலும் உள்ள புரதங்கள் அக்கா தங்கச்சி மாதிரி. மாட்டுப்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துவராது. நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் சேர்கிறது என்பதை மருத்துவமாதுவுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறம், 'பால்' என்ற சொல்லே ஒரு பொறி. கலியாண வீட்டில் "இதில பால் விட்டதோ?" என்று கேட்டால் சமையல்காரர் "ஓம், நல்ல கட்டிப் பால்" என்பார். அவர் சொல்வது தேங்காய்ப்பாலை. இன்னொருவர் தேங்காய்ப்பாலை நினைத்துக்கொண்டு "பிரச்சினை இல்லை, சாப்பிடலாம்" என்று மாட்டுப்பால் பாயசத்தை நீட்டுவார். மாட்டுப்பாலா, பால்மாவா, பட்டரா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மீன் ஒத்துவராதவர்கள் சம்பலைச் சந்தேகிக்கலாம், சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கும். கொத்துரொட்டிக் கடையில் இறாலுக்கும் முட்டைக்கும் மரக்கறிக்கும் ஒரே தட்டு, ஒரே தகடு. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில்தான் இறால் வடையும் பொரியும்.

கச்சானைப் (நிலக்கடலையை) பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிக் கச்சான் கடைதான். கச்சான் ஒவ்வாமை உள்ள ஒரு பெண்பிள்ளையின் தகப்பன் மூன்று வருடமாக அவளைத் திருவிழாவுக்கே கூட்டிப் போகவில்லை. வறுக்கும் மணமே ஆபத்து என்று நினைத்திருந்தார். மணத்தால் கடுமையான ஒவ்வாமை வருவது மிக அரிது. வாய்க்குள் போவதுதான் ஆபத்து, கையில் பட்டது வாய்க்குப் போவதும் அதில் அடக்கம். போங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெளியே எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்ன விடாதீர்கள் என்றேன். கை சுத்திகரிக்கும் ஜெல் கச்சான் புரதத்தை அகற்றாது. அந்த வருடம் தேர் பார்த்தார்கள்.

கர்ப்பிணித் தாய்மார் கேட்பது வேறு: கச்சானையும் முட்டையையும் குழந்தைக்குப் பிந்திக் கொடுத்தால் நல்லதா? முன்பு மருத்துவர்களே அப்படித்தான் சொல்லிவந்தோம். 2015இல் வெளிவந்த லீப் என்ற ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே நிலக்கடலையைக் கொடுக்கத் தொடங்கியபோது, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. முழுக் கச்சான் கொட்டை சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும் என்பதால் அரைத்து, குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, இனி ஊசி.

மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, விடாமல் சத்தி வருகிறது, பிள்ளை வெளிறிச் சோர்கிறது. இவற்றில் ஒன்று வந்துவிட்டால் பிரிற்றன் என்ற அலர்ஜிக் குளிசை போதாது. அது கடியையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுக் குழாயைத் திறக்காது. இரத்த அழுத்தத்தையும் தூக்காது. உயிரைக் காப்பது அட்ரீனலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மேல்நாட்டுப் பிள்ளைகள் பையில் கொண்டு திரியும் தானியங்கி ஊசிப் பேனாவை நம் ஊர்ப் பாமசிகளில் நம்பியிருக்க முடியாது. அதனால் ஆபத்து அதிகமுள்ள சில குடும்பங்களுக்கு அட்ரீனலின் குப்பியையும் சிரிஞ்சையும் கொடுத்துப் பழக்குகிறோம். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் சிரிஞ்சில் ஒரு சிவப்புப் பட்டி சுற்றியிருக்கும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அதை வைக்கக்கூடாது. மருந்து நிறம் மாறினால் வேறு வாங்க வேண்டும்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. அது வரும்வரை பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து இருத்துங்கள். நடக்கவிடாதீர்கள், தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். திடீரென்று நிமிர்த்தும்போது இரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்றுவிடலாம். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் இரண்டாவது தரம் திரும்பலாம்.

இதையெல்லாம் ஒரு கிளினிக் நாளில், வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, சொல்லி முடிக்க முடியாது. அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சில குடும்பங்களைச் சேர்த்து இருத்தத் தொடங்கினோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை, ஒரு விறாந்தை, பிளாஸ்டிக் கதிரைகள், தேத்தண்ணி. ஒரே நிபந்தனை: தாய் தனியே வரக்கூடாது. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும் இன்னொருவரைக் கூட்டி வரவேண்டும். அம்மம்மா, சித்தி, வான் ஓட்டுபவர், வகுப்பு ரீச்சர், யாராக இருந்தாலும் சரி. முதல் மாதம் நான்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் என்னைக் கதைக்கவே விடவில்லை. ஒரு தாய், வீட்டில் சிவப்புப் பிடி போட்ட அகப்பை பிள்ளைக்கு மட்டும் என்று வைத்திருப்பதைச் சொன்னார். இன்னொருவர், கொழும்பு பஸ் இரவில் நிற்கும் சாப்பாட்டுக் கடையில் காட்டுவதற்குச் சிங்களத்தில் எழுதிய அட்டையை எடுத்துக் காட்டினார். எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் கேக் வரும் நாளில் தன் மகன் மட்டும் வெறுங்கையோடு இருக்கக்கூடாது என்று, ரீச்சரின் அலுமாரியில் ஒரு போத்தல் எள்ளுருண்டை வைத்திருக்கிறார் வேறொருவர். இது எனக்குத் தோன்றியிருக்காது.

ஊசி பழகுவது தோடம்பழத்தில். உள்ளே தண்ணீர்தான். குப்பியை உடைப்பது, சிவப்புப் பட்டிவரை இழுப்பது, குத்துவது. முதல் நாள் ரீச்சர் ஒருவரின் கை நடுங்கி ஊசி தோலிலேயே வளைந்தது. "பிழையாக் குத்தினா என்மேல வழக்கு வராதோ?" என்று கேட்டார். நியாயமான பயம். பெற்றோரின் கையெழுத்தும் மருத்துவரின் கடிதமும் ஒரு கோப்பில் அதிபரிடம் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். நான்காவது பழத்தில் அவர் கை நின்றது.

கூழ் அம்மம்மாவும் வருகிறார். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் "இது எப்ப மாறும்?" என்று கேட்பார். பாலும் முட்டையும் பல பிள்ளைகளுக்கு வளர வளர மாறும், நண்டும் இறாலும் மாறுவது குறைவு என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். முகம் சுருங்கும். போன மாதம் புதிதாக வந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருந்து, "கூழை எப்பிடி நிப்பாட்டிறது, பேரப்பிள்ளையள் எல்லாம் அதுக்குத்தானே வருகுதுகள்" என்று கவலைப்பட்டார்.

"ஏன் நிப்பாட்டுவான்?" என்றார் இவர். "விடியவே வேற பானையில பலாக்கொட்டையும் பயற்றங்காயும் போட்டு அவனுக்குக் காய்ச்சி, மூடி, அறைக்குள்ள வைச்சிடுவன். அதுக்குப் பிறகுதான் நண்டைக் கழுவுறது."