பட்டாணி நீலனை மொட்டில் தேடுங்கள்

அவரைக் கொடியைச் சுற்றி விர்ரென்று பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி எந்த இனம் என்று, பறக்கும்போது சொல்வது கடினம். நீலன்கள் எனப்படும் இந்தச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கும் இறக்கையின் மேல்புறம் ஏறக்குறைய ஒரே நிறம்தான். அது உட்கார்ந்து இறக்கையை மூடும்வரை காத்திருங்கள்.

அவற்றில் ஒன்றான பட்டாணி நீலனின் இறக்கை அடிப்புறம் மணல் நிறம்; அதில் அலையலையாக வெள்ளைக் கோடுகள். கோடுகள் வேறு நீலன்களுக்கும் உண்டு, பலர் தவறுவது இங்கேதான். பின்னிறக்கையின் வெளி ஓரத்தை ஒட்டி, மற்றக் கோடுகளைவிட நன்றாக அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று ஓடினால் அது பட்டாணி நீலன். கீழ் மூலையில் ஆரஞ்சு விளிம்பிட்ட இரண்டு கருப்புப் புள்ளிகளும் நூலிழை போன்ற வாலும் இருக்கும். பின்னிறக்கைகளை அது மாற்றி மாற்றித் தேய்க்கையில் வால் உணர்கொம்பாகவும் புள்ளி கண்ணாகவும் தெரியும். தலை என்று நம்பிப் பல்லி கவ்வினால் போவது இறக்கைத் துணுக்குதான். அதனால், வால் இல்லை என்பதை வைத்து வேறு இனம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

முட்டைக்காக இலையைப் புரட்டிப் பயனில்லை. அவரை, காராமணி, கிலுகிலுப்பை போன்ற செடிகளின் மொட்டிலும் அதன் அடியில் உள்ள பச்சை உறையான புல்லிவட்டத்திலும் பெண் பூச்சி ஒவ்வொன்றாக இடும். தட்டையான வட்டம், சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். உருப்பெருக்கியில் வலைப்பின்னல் தெரியும். வெயில் காலத்தில் 3, 4 நாட்களில் பொரியும். புழு மொட்டைத் துளைத்து உள்ளே போய்ப் பூவின் உள்பாகங்களையும், பிறகு காய்க்குள் பிஞ்சு விதைகளையும் தின்னும். காயில் வட்டத் துளையும் அதன் வாயில் ஈரமான எச்சமும் இருந்தால், பிளந்து பாருங்கள்.

எறும்பு மொய்க்கும் மொட்டு இன்னும் நல்ல துப்பு. புழுவின் முதுகில், பின்முனைக்குச் சற்று முன்னால், இனிப்பு நீர் சுரக்கும் சுரப்பி உண்டு. எறும்பு உணர்கொம்பால் தட்டத் தட்டத் துளி வெளிவரும். அந்தக் காவல் இருக்கும்வரை ஒட்டுண்ணிக் குளவி நெருங்குவது எளிதல்ல.

வளர்த்துப் பார்ப்பவர்கள் பெட்டிக்கு ஒரு புழுவை மட்டும் வையுங்கள்; நெருக்கத்தில் ஒன்றையொன்று தின்னும். தினமும் புது மொட்டு வைத்து எச்சத்தை அகற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். முழு வளர்ச்சியில் புழு ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பிறகு சருகு மடிப்பிலோ காய்ந்த காய்க்குள்ளோ கூட்டுப்புழுவாகும். கூடு கருத்து இறக்கை நிறம் தெரிந்தால் பூச்சி வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. பெட்டிக்குள் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கியே காய்ந்துவிடும்.