ஸ்கூபா: ஆழ்கடல் நீச்சல் அல்ல, முக்குளிப்பு

முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவிங்கை ‘ஆழ்கடல் நீச்சல்’ என்று எழுதுவது நம் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர் இறங்கக்கூடிய ஆழம் 18 மீட்டர். பொழுதுபோக்காக இறங்குபவர்களுக்கு மேல்வரம்பே 40 மீட்டர்தான். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கடலைப் பொறுத்தவரை அது ஒன்றும் பெரிய ஆழமில்லை. ஆனால் அங்கே இறங்கத் தனிப் பயிற்சியும் தனிக் கருவிகளும் வேண்டும். நீச்சல் என்பதும் தவறு. ஸ்கூபாவில் கைக்கு வேலையே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, காலை மட்டும் மெல்ல அசைத்துப் போகச் சொல்லித்தான் பழக்குகிறார்கள். கை வீசினால் மூச்சு வாங்கும், சிலிண்டரில் இருக்கும் காற்று சீக்கிரம் தீரும்.

ஸ்கூபா என்பது ஐந்து சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். செல்ஃப் கன்டெய்ன்டு அண்டர்வாட்டர் பிரீத்திங் அப்பாரட்டஸ். கரையிலிருந்தோ படகிலிருந்தோ குழாய் வழியாகக் காற்று வாங்காமல், தன் காற்றைத் தானே சுமந்துபோக உதவும் நீரடி மூச்சுக்கருவி என்று பொருள். இந்தப் பெயரை 1952-இல் வைத்தவர் கிறிஸ்டியன் லாம்பர்ட்சன் என்ற அமெரிக்க மருத்துவர். மருத்துவ மாணவராக இருந்தபோதே நீருக்கடியில் சுவாசிக்கும் கருவி ஒன்றை உருவாக்கி, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப்படைக்குக் கொடுத்தவர் அவர்.

இங்கே ஒரு சிக்கல். லாம்பர்ட்சனின் கருவி தூய ஆக்சிஜனில் இயங்கியது. வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தருவதால் குமிழியே வராது. எதிரிக் கப்பலை நெருங்குபவனுக்கு அதுதான் தேவை. இன்று சுற்றுலாத் தலங்களில் நம் முதுகில் மாட்டும் கருவியின் வழி வேறு. 1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞ்ஞானும் சேர்ந்து செய்த ‘அக்வாலங்’ அதன் மூதாதை. பெயர் ஒருவர் வைத்தது, கருவி வேறு இருவர் செய்தது. இந்தக் குழப்பம் நம் மொழியிலும் தங்கிவிட்டது. ‘ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலில் குதித்தார்’ என்று இன்றும் எழுதுகிறோம். அதில் இருப்பது நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கும் சாதாரணக் காற்று. வடிகட்டி, அழுத்தி நிரப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டிய கலவையும் உண்டு, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கலாம். ஆகவே அந்தச் சொற்பிழை வெறும் சொற்பிழை இல்லை. ‘காற்று உருளை’ என்று எழுதுங்கள். ‘சிலிண்டர்’ என்று மட்டும் சொன்னாலும் போதும்.

டைவிங் என்பதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். ‘குளி’ என்ற வினைக்கு மூழ்குதல் என்ற பொருள் இந்தத் தொடர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று குளித்தல் என்றால் குளியலறைதான் நினைவுக்கு வரும் என்பதால் ‘முக்குளித்தல்’ நமக்கு இன்னும் வசதி. ஏரியில் தலைகீழாக மூழ்கி வேறோர் இடத்தில் எழும் சின்னஞ்சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்றே பெயர். ஈழத்தில் ‘சுழியோடுதல்’ வழக்கில் இருக்கிறது. அங்குள்ள செய்திகளில் ‘கடற்படைச் சுழியோடிகள்’ இயல்பாக வரும். இரண்டுமே நல்ல சொற்கள். செயலுக்கு முக்குளிப்பு, ஆளுக்குச் சுழியோடி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். கருவியைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தற்சார்பு மூச்சுக்கருவி’. மூச்சை அடக்கி இறங்குவதிலிருந்து பிரித்துக் காட்ட ‘ஸ்கூபா முக்குளிப்பு’ என்று கலந்து எழுதுவதிலும் குறையில்லை.

தற்சார்பு என்ற அந்த முதற்பகுதியை மனத்தில் வைத்தால் எந்தக் கருவி எதற்கு என்பது விளங்கும். பயிற்சியில் கைக்கு வரும் அலுமினிய உருளை ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவு. ஒரு பார் என்பது ஏறத்தாழ கரையில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் 40 லிட்டர் செலவழிப்பார். அவசரத்துக்கு 50 பார் மிச்சம் வைத்தால் கையில் இருப்பது ஏறத்தாழ 40 நிமிடம். பதற்றக்காரருக்கு இன்னும் குறைவு.

அந்த 200 பார் காற்றை நேராக வாயில் வாங்க முடியாது. நடுவில் இருப்பதுதான் ரெகுலேட்டர். சமையலறையில் காஸ் சிலிண்டரின் தலையில் இருப்பதும் ரெகுலேட்டர்தான், அழுத்தத்தைக் குறைக்கும் வேலையும் அதேதான். வேறுபாடு ஒன்று: முக்குளிப்பு ரெகுலேட்டர் நாம் இழுக்கும்போது மட்டும் காற்று தரும், அதுவும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக. இரண்டுக்கும் வரலாற்றிலும் உறவு உண்டு. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் வாயுவால் ஓடிய கார்களுக்காகச் செய்த ரெகுலேட்டரைத்தான் கஞ்ஞான் கடலுக்கு மாற்றினார். தமிழில் ‘சீராக்கி’ எனலாம். ஆனால் படகில் அப்படிக் கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். பேச்சில் ரெகுலேட்டரே இருக்கட்டும்.

புதியவர் இதை வாங்க வேண்டாம். விலை அதிகம், முறையாகப் பராமரிக்கவும் வேண்டும். உப்புநீரில் நனைந்ததை நன்னீரில் அலசாமல் விட்டால் கெட்டுப்போகும். உருளையும், காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் ‘பிசிடி’ என்கிற மிதப்புச் சட்டையும் அப்படியே. பயிற்சி நிலையத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். முகமூடி என்று எழுதினால் திருடன் நினைவு வரும். ‘முக்குளிப்புக் கண்ணாடி’ என்பேன். நீச்சல் கண்ணாடி இதற்கு ஆகாது. அது மூக்கை மூடாது. ஆழம் கூடக் கூடக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி முகத்தை உறிஞ்சும். மூக்கும் உள்ளே இருந்தால்தான் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டு அதைச் சமன்செய்ய முடியும். சமன்செய்யாமல் போனால் கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டிவிடும். கடையில் வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது காற்று கசிந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அடர்ந்த மீசை இருந்தால் சிலிக்கான் விளிம்பு மேலுதட்டில் படியாமல் நீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் சரியாகும். பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு அதே பவர் வில்லை பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. புதுக் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய படலம் இருக்கும், அதனால் பனித்துப்போகும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துப் பலமுறை கழுவினால் போய்விடும்.

அடுத்தது காலுக்கு ஃபின். ‘துடுப்புக்காலணி’ அழகாகப் பொருந்துகிறது. படகிலிருந்து குதிப்பவருக்கு வெறுங்காலில் போடும் முழுப்பாத வகை போதும். கரையிலிருந்து பாறையும் பவளமுமாக நடந்து இறங்குபவருக்கு, காலுறைச் செருப்போடு போடும் பின்புறம் திறந்த வகைதான் ஏற்றது. கால்விரல் மடங்கும் அளவு இறுக்கமானதை எடுத்தால் நீருக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

ஸ்நார்க்கெல் என்கிற மூச்சுக்குழல் மலிவானது, எளிமையானதை வாங்கினால் போதும். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் காற்றுக்குழாய்க்கு வைத்த பெயர் அது. நீர்மட்டத்தில் காத்திருக்கும்போது உருளைக் காற்றைச் செலவழிக்காமல் மூச்சுவிட உதவும். நம் கடல் வெதுவெதுப்பானது, 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள முக்குளிப்பு உடையே ஏராளம், சிராய்ப்பிலிருந்தும் காக்கும். தொடர்ந்து முக்குளிப்பீர்கள் என்று தெரிந்தபின் பணத்தைக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் போடுங்கள். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் உடலில் கரையும், அளவு மீறினால் மேலேறும்போது ஆபத்து. அது எவ்வளவு கரைந்திருக்கும் என்று ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று காட்டும். இதை இருவர் பகிர்ந்துகொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர் உங்களைவிட 2 மீட்டர் கீழே போயிருந்தாலும் அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.