பென்சிலில் எழுதிய பெயர்கள்

எங்கள் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. விண்ணப்பித்த எல்லா மாணவர்களின் பெயரும் அதில் பென்சிலில் இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறியது உறுதியானால்தான் அந்தப் பெயரின் மேல் பேனா ஓடும். கணினியில் எல்லா விவரமும் உண்டு. ஆனாலும் அங்கே இருக்கும் அக்கா இந்த நோட்டை விடமாட்டார். "அனுப்பியாச்சுன்னு கணினி சொல்லும் சார், பிள்ளை கைக்கு வந்துச்சான்னு சொல்லாது" என்பார்.

முதலாமாண்டு மாணவி ஒருத்தி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரவேண்டும். தோழிகளுக்கு வந்தது, அவளுக்கு மட்டும் ஐந்து மாதமாக வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு. அக்கா அவளை உட்காரவைத்துக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி வேற எந்த பேங்க்லயாவது கணக்கு ஆரம்பிச்சியா?" பள்ளியில் படித்தபோது ஒன்று தொடங்கியிருக்கிறாள். பாஸ்புத்தகம் எங்கே என்றே தெரியவில்லை. இந்த வகைப் பணம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். 5,000 ரூபாயும் அந்தப் பழைய கணக்கில் கிடந்தது. அவள் இப்போது மூன்றாமாண்டு.

புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது, ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டு முறையும் வேலை கூடியது இந்த ஒரே மேசையில்தான். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது மாணவர்களுக்கான ஆதரவைப் பற்றியது. அதற்கு உதவித்தொகை பெற்றவர்களின் எண்ணிக்கையைக் கொடுத்தோம். அந்த எண்ணிக்கையை உண்டாக்கியவர்களை எங்கும் குறிப்பிடவில்லை. ஆண்டு விழா மேடையில் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் சால்வை உண்டு. அலுவலக ஊழியர் மேடையேறுவது ஓய்வு பெறும் நாளில்தான். ஆண்டறிக்கையைப் பல வருடம் எழுதியவன் நான். தவறு எனக்கும் உண்டு.

அப்புறம் ஒரு மாற்றம் செய்தோம். யார், என்ன உதவி செய்தார் என்று மாணவர்களையே துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னோம். காய்ச்சலில் துவண்டவனை நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போன விடுதிக் காவலர், ஹால் டிக்கெட்டில் தப்பான இனிஷியலைத் தேர்வுக்கு முந்தைய மாலையில் திருத்திக் கொடுத்த தேர்வுப் பிரிவு ஊழியர் என்று சீட்டுகள் குவிந்தன. மாணவரின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே மேடையில் படித்தோம். உதவி பெற்ற பிள்ளையின் வறுமையை ஊரறியச் செய்யக்கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காவலர் ஒப்பந்த ஊழியர்தானே என்று சிலர் தயங்கினார்கள். அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தானே?

'சிறந்த ஊழியர்' என்று ஒருவருக்கு மட்டும் கேடயம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கவுண்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாலு பேருக்குள் வீணாக மனத்தாங்கல் வரும்.

விழா முடிந்ததும் அக்காவிடம், "உங்களுக்கு வேறு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "சீசன்ல ஒரு ஆள் கூட இருந்தா போதும் சார்" என்றார். அலைந்து திரிந்து, ஜூலையிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒரு தற்காலிக உதவியாளரை வாங்கினோம். நேற்று நோட்டைப் பார்த்தேன். பதினோரு பெயர்கள்தான் இன்னும் பென்சிலில் இருக்கின்றன.