பெக்டினேஸ்: பெக்டின் சிதைப்பு நொதி

உருளைக்கிழங்கையும் கேரட்டையும் கூழாக்கிவிடும் மென்னழுகல் நோயைப் பற்றிப் படிப்போர் தவறாமல் எதிர்கொள்ளும் சொல் பெக்டினேஸ். தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் இடைப்படலத்தில் மிகுந்திருக்கும், சர்க்கரை அலகுகள் நீண்ட சங்கிலியாய்க் கோத்த பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் பலவற்றுக்குமான பொதுப்பெயர் அது.

சொல்லின் முற்பகுதி, உறையும் தன்மையைக் குறிக்கும் 'பெக்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பழச்சாற்றை உறையவைக்கும் பொருளை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலர் பிராகோனோ 1825-இல் பெக்டின் என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். 'ஏஸ்' என்னும் ஈறு, 1833-இல் பாயெனும் பெர்சோவும் கண்டறிந்த டயஸ்டேஸிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னர் நொதிகளுக்குரிய பொது விகுதியாயிற்று. மென்னழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியப் பேரினத்துக்கு 1945-இல் முன்மொழியப்பட்ட பெக்டோபாக்டீரியம் என்னும் பெயரிலும் இதே வேர்ச்சொல் இருக்கிறது.

பொதுப்பெயர் ஒன்றானாலும் அதனுள் அடங்கும் நொதிகளின் வேலை ஒன்றல்ல. பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ், சங்கிலியிலுள்ள மெத்தில் தொகுதிகளை நீக்கி, மற்ற நொதிகள் வெட்டுவதற்கு வழிசெய்கிறது. பாலிகேலக்டுரோனேஸ் நீர் மூலக்கூற்றைச் சேர்த்துச் சங்கிலியின் பிணைப்பை அறுக்கிறது. இது பெரும்பாலும் அமிலச் சூழலில் நன்கு இயங்கும். மென்னழுகலில் முதன்மைப் பங்கு வகிக்கும் பெக்டேட் லையேஸோ நீரின் துணையின்றி, கால்சியம் அயனிகளின் உதவியுடன், காரச் சூழலில் அப்பிணைப்பைப் பிளக்கிறது.

இவற்றைப் பாக்டீரியம் எப்போது சுரக்கிறது என்பது என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி. சிதைந்த பெக்டினின் சிறு துண்டுகள் தாவரத்தின் தற்காப்பைத் தூண்டிவிடக்கூடியவை என்பதால், சில செல்கள் மட்டும் முன்கூட்டியே நொதியைச் சுரந்தால் தாக்குதல் தொடக்கத்திலேயே முறியடிக்கப்படலாம். பெக்டோபாக்டீரியத்தின் செல்கள் வெளிவிடும் சைகை மூலக்கூறுகள், கூட்டம் பெருகப் பெருகச் சுற்றுப்புறத்தில் செறிந்து, போதிய எண்ணிக்கை சேர்ந்த பின்னரே நொதி உற்பத்தியை முழுவேகத்தில் முடுக்கிவிடுகின்றன.

தமிழில் பொதுப்பெயராகப் 'பெக்டின் சிதைப்பு நொதி' என்பதே பொருத்தமானது. 'நொதி' என்பது நொதித்தலிலிருந்து வந்த சொல். 'என்சைம்' என்பதும் கிரேக்கத்தில் புளிப்பேற்றும் பொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அமைந்தது. எனினும் 'பெக்டின் நீராற்பகுப்பு நொதி' என்று எல்லாவற்றையும் ஒருசேர அழைப்பது பிழையாகும். பாலிகேலக்டுரோனேஸுக்குப் பொருந்தும் அப்பெயர், நீரைச் சேர்க்காமலே பிளக்கும் லையேஸுக்குப் பொருந்தாது.