ஸ்பிரிட் போத்தலை மூடி வையுங்கள்

போன கார்த்திகையில் பாலையூற்றிலிருந்து ஒரு அம்மா ஓட்டோவில் இரண்டு பெட்டி பழைய இசைத்தட்டோடு என்னிடம் வந்தார். தகப்பனார் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை விட்டுப் போன காலத்தில் கைமாறி வந்த ரெக்கோட்டுகள். பெரும்பாலும் துருத்தி இழுத்து வாசிக்கிற அக்கோடியன் இசை.

“நல்லாத் துடைச்சுத்தான் கொண்டு வந்திருக்கிறன் தம்பி” என்று மேலே இருந்ததை எடுத்துத் தந்தார். மினுக்கம் செத்து, விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு தட்டு போயிற்று.

அவரில் பிழையில்லை. காயத்துக்கும் கண்ணாடிக்கும் ஸ்பிரிட் போடுகிற நாம் தட்டுக்கும் போடத்தானே செய்வோம். ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இந்தப் பழைய தட்டு பிளாஸ்டிக் இல்லை. அரக்கோடு கல் மாவைக் கலந்து அழுத்திச் செய்தது. மரத் தளபாடத்துக்குப் பொலிஷ் பூசுகிற தச்சரிடம் அரக்கை எதில் கரைப்பது என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பிரிட் என்பார்.

சரி, அப்போ எப்படிக் கழுவுவது? கழுவ முதல் எழுதுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் முதலில் போவது தட்டின் நடுவில் ஒட்டிய தாள்தான். அதைப் போனில் படமெடுங்கள். பிறகு, ஊசி ஓடும் கீறல் முடிந்து தாள் தொடங்கும் இடையில் ஒரு வெறும் வளையம் இருக்கும். ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் அதில் பொறித்த எண் தெரியும். தாளில் அச்சான விற்பனை எண் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். வளையத்து எண்ணோ பக்கத்துக்குப் பக்கம் வேறு. எந்தப் பதிவு என்பதைச் சொல்வது அதுதான். தாள் உரிந்தாலும் அது நிற்கும்.

பெயரை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அக்கோடியனில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் புகழ்பெற்ற இத்தாலியச் சகோதரர்கள் இருவரில் அண்ணன் குயிதோ டெய்ரோ. கொலம்பியாக் கம்பனித் தட்டுகளில் வெறும் ‘டெய்ரோ’. தம்பி பியெத்ரோ டெய்ரோ விக்டர் கம்பனித் தட்டுகளில் வெறும் ‘பியெத்ரோ’. இது போதாதென்று பியெத்ரோ புரோசினி என்று இன்னொருவர். உதவி செய்கிறேன் என்று நீங்கள் பெயரை முழுசாக்கினால் அண்ணன் வாசித்தது தம்பி கணக்கில் ஏறிவிடும். உங்கள் ஊகத்துக்குக் கொப்பியில் தனி வரிசை போடுங்கள்.

கழுவ முதல் இன்னொன்று. நடுத் துளைக்குள் பாருங்கள். உலோகம் மினுங்கினால் அது அரக்குத் தட்டில்லை, அலுமினியத்தின் மேல் பூச்சுப் பூசி நேரடியாக வெட்டிய தனிப்பிரதியாக இருக்கலாம். அதில் கை வைக்காதீர்கள். மற்றவைக்குக் காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி மென்மையான சவர்க்காரம், மென்துணி போதும். தாள் நனையக்கூடாது, உடனே ஒற்றியெடுக்க வேண்டும். பூஞ்சணம் இருந்தால் முகக்கவசம் போட்டு வெளியில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். மாரி மழையில் இதெல்லாம் வேண்டாம், மாசி பங்குனிக்கு விடுங்கள். கச்சான் காற்று மண்ணை வாரும் நாளில் யன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

வைப்பது செங்குத்தாக, சாயாமல். பொலித்தீன் உறை வேண்டாம், ஈரம் உள்ளே நின்றுவிடும். கடதாசி உறையில் எண்ணைப் பென்சிலால் எழுதிவிட்டுத் தட்டைப் போடுங்கள், போட்டபின் எழுதாதீர்கள்.

டிஜிட்டலாக்கும்போது, பிற்கால பிளாஸ்டிக் தட்டான எல்பிக்குரிய ஊசியை வைக்காதீர்கள். அதன் நுனி ஏறக்குறைய ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 78க்கு வேண்டியது மூன்று பங்கு. சின்ன ஊசி கீறலின் அடியில் இறங்கி இரைச்சலை வாரிக்கொண்டு வரும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பாக எடுங்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இனித்தான். முற்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. ஆனால் அக்கோடியனுக்குள் இருப்பது ஆர்மோனியப் பெட்டிபோல உலோக நாக்குகள். வயலின்காரர்போல வாசிப்பவர் சுருதியை இழுக்க முடியாது. ஓடும் தட்டின் சுரம் கீபோர்ட்டின் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நட்டநடுவில் விழுந்தால், வேகம் இரண்டு சுற்றுக்கு மேல் பிசகியிருக்கலாம். பழைய வாத்தியங்களின் சுருதி கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆகவே இது ஒரு துப்புத்தான்.

சிலருக்கு அக்கோடியனின் நடுக்கம் தட்டின் கோளாறாகப் படும். மென்பொருளால் அதைத் திருத்தியும் விடுவார்கள். இரண்டு நாக்குகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி வைப்பதால் வருவது அந்த நடுக்கம், அதுதான் அக்கோடியன். தட்டின் நடுத் துளை மையம் விலகினால் வரும் ஆட்டம் சுற்றுக்கு ஒன்று, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் தடவை. அக்கோடியன் நடுக்கம் பெரும்பாலும் அதைவிட வேகம். காதால் எண்ணிப் பார்த்துவிட்டு மவுஸைத் தொடுங்கள்.

அந்த அம்மாவின் பன்னிரண்டு தட்டில் ஒன்பதின் வளையத்து எண்ணை ஒருமாதிரி வாசித்துவிட்டேன். தாள்களில் ஸ்பிரிட் பட்டு மை கலங்கியிருந்தது. இரண்டாவது பெட்டியை அவர் இன்னும் துடைக்கவில்லை. அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.