பாரஃபின் பிளாக்: மெழுகுப் பாளம்

மார்பகப் புற்றுநோய்க்காக ஓரிடத்தில் அறுவை செய்துகொண்டவர் மறுகருத்துக் கேட்க வேறொரு மருத்துவமனைக்குப் போனால், "பழைய பிளாக்கும் ஸ்லைடும் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். இதய நோயைப் பற்றிய பேச்சில் 'பிளாக்' என்றாலே அடைப்பு என்று கேட்டுப் பழகிய நமக்கு, இந்த வாக்கியம் முதலில் விளங்குவதில்லை. இங்கே குறிக்கப்படுவது, அகற்றிய திசுவின் ஒரு துண்டை உள்ளே வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி உறையவைத்த, தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய ஒரு பாளம். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் நோயாளியின் மாதிரி எண் எழுதப்பட்டிருக்கும். ஸ்லைடு என்பது இப்பாளத்திலிருந்து மெல்லிய சீவலாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியது.

'பாரஃபின்' என்ற பெயரை, 1830-இல் மரத்தாரிலிருந்து அம்மெழுகைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபொன் ரைஷன்பாக், இலத்தீன் மொழியின் 'பாரும்' (குறைவு), 'அஃபினிஸ்' (உறவு) என்னும் இரு சொற்களைக் கூட்டி அமைத்தார். எதனோடும் எளிதில் வினைபுரியாதது என்பது பொருள். திசுவைக் காக்க இம்மெழுகு ஏற்றதாக இருப்பதற்கும், நீர் நிறைந்த திசுவுக்குள் அது நேராக நுழைய முடியாமல் இருப்பதற்கும் இந்த ஒட்டாத குணமே காரணம். ஆகவே திசுவைப் படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் வைத்து நீரை வெளியேற்றி, சைலீன் என்னும் கரைப்பானில் இட்டு, அதன் பிறகே மெழுகில் அமிழ்த்துகிறார்கள். 'பிளாக்' என்பது டச்சு மொழியில் மரக்கட்டையைக் குறித்த சொல்.

தமிழில் இதைக் 'கட்டி' என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். சர்க்கரைக் கட்டி, கற்பூரக் கட்டி என்று நாம் சொல்வதில்லையா? ஆனால் புற்றுநோய்ப் பேச்சில் 'கட்டி' என்பது நோயையே குறிக்கும் சொல்லாகிவிட்டதால், 'மெழுகுக் கட்டியில் உள்ள கட்டி' என்று எழுத நேரும் அவலம் வேண்டாம். 'பாளம்' பொருத்தமானது. தங்கப் பாளம் என்கிறோம். அது உருக்கி அச்சில் வார்த்து உறையவைத்தது, இதுவும் அவ்வாறே. உள்ளிருக்கும் பொருளைத் தமிழ்நாட்டில் 'திசு' என்கிறோம். அது ஆங்கில ஒலியைத் தழுவியது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'இழையம்' அழகானது மட்டுமன்று, மூலத்துக்கும் நெருக்கமானது, ஏனெனில் பிரெஞ்சு மொழியில் 'திஸ்யூ' என்றால் நெய்யப்பட்ட துணி.

மார்பகப் புற்றுநோயில் இப்பாளத்தில் தேடப்படுவது ஹார்மோன் ஏற்பி, அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்; ஹார்மோன் சிகிச்சை தருவதா என்பது அது இருப்பதைப் பொறுத்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் உயிரணுவில் இருப்பதை 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனைக் கொண்டு காட்டினார். அதன் வழிவந்த பழைய சோதனைக்குத் திசுவை உடனே உறையவைத்து, பின்பு அரைத்துச் சாறாக்க வேண்டியிருந்தது. அரைத்த திசு திரும்பி வராது. அதில் புற்றணு எவ்வளவு, இயல்பான திசு எவ்வளவு என்பதும் தெரியாது. எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) கொண்டு ஏற்பிக்கு நிறமேற்றும் முறையும், 1991-இல் வெளிவந்த, திசுச் சீவலைச் சூடாக்கிப் புரதத்தின் மறைப்பை நீக்கும் நுட்பமும் கைகூடிய பின்னரே அலமாரியில் கிடந்த பாளங்கள் இச்சோதனைக்கு உரியவை ஆயின. இப்போது நான்கு மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் எடுத்தால் போதும்; ஏற்பி இருக்கும் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும், பாளமும் மிஞ்சும்.

அப்படியானால் பத்தாண்டு பழைய பாளத்தை நம்பலாமா? இக்கேள்வி வயதைப் பற்றியதாகத் தோன்றினாலும், விடை பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் இருக்கிறது. மெழுகுக்குள் செல்வதற்கு முன் திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊற வேண்டும். இதற்கு 'ஃபிக்ஸேஷன்' என்று பெயர். இலத்தீன் மூலத்துக்கு ஆணியடித்து நிறுத்துதல் என்பது பொருள் என்பதால் 'நிலைநிறுத்தல்' என்று மொழிபெயர்க்கலாம். எனக்கு உகந்தது 'பதப்படுத்தல்'. பதம் என்பது குறையவும் கூடாது, மிகவும் கூடாது என்ற எல்லையைத் தன்னுள்ளேயே கொண்ட சொல். பாகு காய்ச்சியவர்கள் அறிவார்கள். 2010-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோயியலாளர் கல்லூரியும் வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பதத்தை 6 மணி முதல் 72 மணி நேரம் என்று வரையறுத்தது. உடலிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழவேண்டும் என்றும் கேட்டது. சனிக்கிழமை அகற்றிய மார்பகத்தைக் கீறாமல் முழுதாக வாளியில் போட்டுவைத்தால், திங்கட்கிழமை வெளிப்புறம் இறுகியிருக்கும், நடுவில் இருக்கும் கட்டியோ பச்சையாகவே கெட்டிருக்கும். ஃபார்மலின் அவ்வளவு மெதுவாகத்தான் உட்புகும். அதை மெழுகில் வைத்து எத்தனை கவனமாகக் காத்தாலும் காக்கப்படுவது அந்தக் கேடுதான்.

நன்கு பதப்படுத்திய பாளத்தில் ஏற்பி பல ஆண்டுகளுக்குப் பிறகும் நிறமேறக் காணலாம். ஸ்லைடின் நிலை வேறு: சீவிக் கண்ணாடியில் ஒட்டிய பின் காற்றும் ஈரமும் படுவதால் புரதம் மங்கத் தொடங்கும். நிறமேற்றாமல் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருந்த சீவலைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. நோயாளியிடம் ஸ்லைடோடு நில்லாமல் பாளத்தையும் கேட்பது இதனால்தான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997-க்கும் 2005-க்கும் இடையே செய்த ஏற்பிச் சோதனைகள் பல தவறானவை என்பதைக் காட்டிக்கொடுத்ததும் சேமிப்பில் இருந்த மாதிரிகளே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகள் டொரண்டோவில் மறுசோதனைக்கு உட்பட்டன. 380-க்கும் மேற்பட்டோருக்கு முதல் முடிவு தவறாக இருந்தது. ஏற்பிச் சோதனை எதிர்மறை (நெகட்டிவ்) என்று பிழையாக எழுதப்பட்டவர்களுக்கு டாமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை கிடைக்காமல் போயிருந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2009-இல் வெளிவந்தது.

அந்த 'எதிர்மறை'யைத் தமிழில் எழுதும்போதும் கவனம் வேண்டும். 'ஏற்பி இல்லை' என்பது உடலைப் பற்றிய தீர்ப்பு. 'ஏற்பி காணப்படவில்லை' என்பது சோதனையைப் பற்றிய செய்தி. நோயியல் வல்லுநர் அதே சீவலில் புற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பான பால் நாளங்களையும் பார்ப்பார். அவற்றின் அணுக்கள் சில பழுப்பாகி, புற்றணுக்கள் மட்டும் நிறமேறாதிருந்தால் 'காணப்படவில்லை' என்று எழுதலாம். நாளங்களிலும் நிறம் ஏறவில்லையென்றால் எழுதவேண்டியது 'மதிப்பிட இயலவில்லை. வேறு பாளம் தேவை' என்பதே.