ஙப்பிக் கிண்ணமும் கிணற்றுத் தண்ணீரும்

யாங்கோன் தமிழ் வீடுகள் பலவற்றில் ரசத்துக்குப் பக்கத்திலேயே ஙப்பிக் (உப்பிட்டுப் புளிக்கவைத்த பர்மிய மீன், இறால் விழுது) கிண்ணமும் இருக்கும். இரைப்பைப் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் பழி முதலில் அதன் மேல்தான் விழும். பாதிதான் நியாயம்.

இந்த நோயில் சந்தேகிக்கப்படும் ரசாயனம் பல சமயம் வெளியிலிருந்து வருவதில்லை, வயிற்றுக்குள்ளேயே தயாராகிறது. மூலப்பொருள் நைட்ரேட். உரமிட்ட வயல், மாட்டுத்தொழுவம், கக்கூஸ் குழி இவற்றிலிருந்து கசிந்து ஆழமில்லாத கிணறுகளில் அது சேரும். பார்த்தால் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு; அதுவும் கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது. (ஐராவதி டெல்டா குழாய்க் கிணறுகளில் பேசப்படும் ஆர்செனிக் வேறு கதை. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுகளில்தான் அதன் பங்கு உறுதியாகியிருக்கிறது.)

குடித்த நைட்ரேட் ரத்தத்தில் கலந்ததும், அதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்புறத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் கொஞ்சத்தை நைட்ரைட்டாக மாற்றும். எச்சிலோடு இறங்கும் நைட்ரைட், இரைப்பை அமிலத்தில் பட்டதும் மீன், கருவாடு ஆகியவற்றில் இருக்கும் அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்களோடு கூடி நைட்ரோசமைன் ஆகிவிடும். சந்தேகிக்கப்படும் ரசாயனம் அதுதான். இந்த வகைப் பொருள் ஒன்று எலிகளுக்குக் கல்லீரல் புற்றை வரவழைத்ததை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மகீயும் பார்ன்ஸும் 1956-இலேயே காட்டினார்கள்.

சரி, கீரையிலும் நைட்ரேட் ஏராளமாக இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் கூடவே வைட்டமின் சி வருகிறது. அமீனுக்கு முன்பே அது நைட்ரைட்டைப் பிடித்துக்கொள்ளும். ஙப்பிக்கு எலுமிச்சை பிழிந்து, பச்சைக் காய்கறியோடு தொட்டுக்கொள்ளும் பர்மியப் பழக்கம் எனக்கு இதனாலேயே பிடிக்கும். நோயைத் தடுக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

உப்பின் வேலை வேறு. அளவு மிஞ்சினால் இரைப்பையின் வழவழப்பான உட்பூச்சை அது அரிக்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு அது வசதி. இந்த நோயின் பெரிய குற்றவாளியே அந்தக் கிருமிதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அதை, மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. வருடக்கணக்கில் அது தங்கினால் உட்சுவர் மெலிந்து அமிலம் குறையும். அப்புறம் மற்ற பாக்டீரியாக்களும் வயிற்றிலேயே குடியேறி, நைட்ரைட்டை அங்கேயே தயாரிக்கத் தொடங்கும். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கிருமி தெரிந்துவிடும். பெரும்பாலும் 14 நாள் மருந்து போதும்.